வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் வேக்குவம் கிளீனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேக்குவம் கிளீனரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை ஒட்டியிருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை வாட், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம், குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டி, நாலைந்து நாட்டு முத்திரைகள். எந்த நாட்டு வீட்டுக்காகச் செய்த மெஷின் என்பதை அந்தப் பட்டையே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்த மாதிரிதான்.

ஒரே மெஷினைப் பிளக்கை மட்டும் மாற்றி எல்லா நாட்டிலும் விற்க முடியாதா?

முடியாது. வோல்டேஜ், சட்டம், முத்திரை எல்லாம் வேறு வேறு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தரை. ஒரு நாட்டில் சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம் ஒட்டியிருக்கும். இன்னொரு நாட்டில் டைல்ஸ். வேறொரு நாட்டில் கோரைப்பாய். செருப்போடு வீட்டுக்குள் நடக்கிறார்களா, வாசலிலேயே கழற்றிவிடுகிறார்களா என்பதைப் பொறுத்து வீட்டுக்குள் சேரும் குப்பையும் மாறும். என் அனுபவத்தில், வெளிச் சந்தையில் தோற்றுப்போகும் மாடல்களில் பெரும்பாலானவை மின்சாரக் கோளாறால் தோற்பதில்லை. அந்த ஊர்த் தரையை யாரும் குனிந்து பார்க்காததால்தான் தோற்கின்றன.

வோல்டேஜ் மாறினால் உண்மையில் என்ன ஆகும்?

ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியாவில் 230. அமெரிக்காவுக்காகச் செய்த 120 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் செருகினால், மோட்டாருக்குள் போகும் சக்தி கணக்குப்படி ஏறக்குறைய நாலு மடங்காகிறது. சுவிட்சைப் போட்டதும் சத்தம் கிறீச்சென்று ஏறும். காற்றுத் துளை வழியாகப் பார்த்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் நீல நிறத் தீப்பொறி வளையமாகச் சுற்றும். அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். கம்பிச் சுருளில் பூசியிருக்கும் பூச்சு எரிந்துவிட்டால் அந்த மோட்டாரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

எதிர்த்திசையில் ஆபத்து குறைவு. 230 வோல்ட் மெஷினை 120-ல் போட்டால் சோம்பலாகச் சுற்றும், தூசியை இழுக்காது.

அதனால் தயாரிப்பாளர்கள் ஒரே மோட்டார் கூட்டுக்குள் வேறு வேறு சுருள் சுற்றுகிறார்கள். 100 வோல்ட்டுக்குத் தடித்த கம்பி, குறைந்த சுற்று. 230-க்கு மெல்லிய கம்பி, அதிகச் சுற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

பிரேசில் ஒரு தனிக் கதை. சாவோ பாவ்லோவிலும் ரியோவிலும் 127 வோல்ட், தலைநகர் பிரேசிலியாவிலும் வடகிழக்கின் பெரும்பகுதியிலும் 220. ஒரே நாட்டுக்குள், ஒரே மாடலை இரண்டு பெட்டியாக வைத்து விற்க வேண்டும். அங்கே பெட்டி மீது வோல்டேஜ் எண்ணைப் பெரிதாக அச்சடிப்பது அழகுக்காக இல்லை.

ஹெர்ட்ஸ் வித்தியாசம் பிரச்சினையா?

வயர் உள்ள வேக்குவம் கிளீனருக்குப் பெரும்பாலும் இல்லை. ஹெர்ட்ஸ் என்பது ஏசி மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும், 50-ஆ 60-ஆ என்று கவலைப்படாது. இந்தக் குணம் ஜப்பானில் ரொம்பவே கைகொடுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரை வாங்கியது. அதனால் இன்றுவரை கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. இரண்டு பக்கமும் ஒரே மெஷினை விற்றுவிடலாம்.

பிளக்கில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது. வேக்குவம் கிளீனர்களில் பெரும்பாலானவை இரட்டைக் காப்பு, அதாவது மின்சாரம் வெளியே வராமல் தடுக்கும் இரண்டு அடுக்கு, கொண்டவை. பட்டையில் இருக்கும் அந்த இரண்டு சதுரத்துக்கு அர்த்தம் அதுதான். அவற்றுக்கு எர்த் வயர் தேவையில்லை. ஆனால் பிரிட்டிஷ் சாக்கெட்டில் மேல்துளைக்குள் ஒரு பின் நுழைந்தால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளின் மூடி திறக்கும். ஆகவே அங்கே போகும் மெஷினில் மேல்பின் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கதவைத் திறக்கும் சாவி மட்டும்தான். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பிளக்கில் ஒரு தகடு மற்றதைவிட அகலமாக இருக்கும், தலைகீழாகச் செருக முடியாது.

அமெரிக்காவில் நிமிர்ந்து நிற்கும் மெஷின், ஐரோப்பாவில் இழுத்துக்கொண்டு போகும் மெஷின். ஏன்?

கம்பளம்தான் காரணம். தடித்த கம்பளத்தின் வேருக்குள் இறங்கிய மணலை வெறும் உறிஞ்சலால் எடுக்க முடியாது, தட்டிக் கிளப்ப வேண்டும். அதற்குச் சுழலும் பிரஷ். அது மோட்டாருக்கு நேர் கீழே இருந்தால் பெல்ட் போட்டுச் சுலபமாகச் சுற்றலாம், அப்படிப் பிறந்ததுதான் நிமிர்ந்த வடிவம். ஒஹாயோவின் கேன்டன் ஊரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், தும்மலும் இருமலும் தாங்காமல் ஒரு விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு தலையணை உறை இவற்றை வைத்து இதைச் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது, அதே ஆண்டில் அது ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது.

ஐரோப்பிய வீடுகளில் மரத்தரை, கல் தரை, நடுவில் சிறு விரிப்புகள், குறுகிய படிக்கட்டுகள். அங்கே நீண்ட ஹோஸும் லேசான முனையும்தான் வசதி. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1921-ல் கொண்டுவந்த மாடல், சறுக்குக் கட்டை மேல் படுத்தபடி பின்னாலேயே வந்தது. இன்றைய இழுவை மாடல்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. பிரிட்டன் மட்டும் ஐரோப்பாவில் விதிவிலக்கு. கம்பளம் நிறைந்த நாடு என்பதால் நிமிர்ந்த மெஷினும் அங்கே நன்றாக விற்றது. ஹூவர் கம்பெனி 1930-களின் தொடக்கத்தில் லண்டனின் பெரிவேலில் தொழிற்சாலையே கட்டியது. ‘ஹூவர்’ என்ற பெயர், பெருக்குவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

ஜப்பானுக்கு என்ன மாற்ற வேண்டும்?

எடை, அளவு, சத்தம். இந்த வரிசையில்.

தத்தாமி என்ற கோரைப்பாய் விரித்த அறையில் முரட்டு பிரஷ் ஓடினால் பாயின் இழை பிய்ந்துவிடும். இழையின் போக்கிலேயே தள்ள வேண்டும், சக்கரம் தடம் பதிக்கக்கூடாது. அடுக்குமாடி வீட்டுச் சுவர் மெல்லியது. அலமாரி சின்னது. ஒரு கையால் தூக்கி மாடிப்படியைப் பெருக்க முடியாத மெஷினை அங்கே யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

டைசன் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்துப் பை இல்லாத சுழற்காற்று முறையை உருவாக்கினார். பிரிட்டனில் பெரிய கம்பெனிகள் சீண்டவில்லை. பை விற்பனையில் வரும் வருமானத்தை யார் விடுவார்கள்? 1986-ல் ஜப்பானின் ஏபெக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று, ‘ஜி-ஃபோர்ஸ்’ என்ற பெயரில், சுமார் 2,000 டாலர் விலையில், இளஞ்சிவப்பு நிறத்தில் விற்றது. விலையே அதன் கவர்ச்சியாகிவிட்டது. அந்த உரிமத் தொகை கைகொடுத்துத்தான் 1993-ல் அவருடைய சொந்த மாடல் பிரிட்டனில் வந்தது. பிறகு 2004-ல் ஜப்பானிய வீட்டுக்கென்றே டிசி12 என்ற குட்டி மாடலைச் செய்தார்கள். மோட்டாரைச் சிறிதாக்க வேண்டியிருந்ததால் கார்பன் பிரஷ் இல்லாத, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் சுற்று சுற்றும் மின்னணு மோட்டாரை அதில் வைத்தார்கள். சின்ன வீட்டுக்காகச் செய்த அந்த வேலைதான் பின்னால் கையில் பிடிக்கும் பேட்டரி மாடல்களுக்கு வழி திறந்தது. ஒரு சந்தையின் நெருக்கடி உலகத்துக்கே பயன்பட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வளைகுடா நாடுகளில் பீப்பாய் மாதிரி பெரிய மெஷின் விற்கிறதே?

மணல். பாலைவனத்து மணல் ஜன்னல் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும், தரையில் கனமான கம்பளம், அறைகளும் பெரியவை. ஒன்றரை லிட்டர் டப்பா அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதனால் ஜப்பானியக் கம்பெனிகளே, தங்கள் ஊரில் குட்டி மெஷின் விற்றபடி, அங்கே 2,000 வாட்டுக்கு மேற்பட்ட பீப்பாய் மாடல்களை விற்கின்றன. மணலுக்குக் கொள்ளளவு மட்டும் போதாது. நுண்மணல் ஃபில்டரைத் தாண்டினால் பேரிங்கைத் தின்றுவிடும், ஆகவே கழுவிப் போடும் கெட்டித் துணி ஃபில்டர் வைப்பார்கள்.

சீனாவிலும் கொரியாவிலும் ஈரத்துடைப்பு சேர்ந்த மாடல்கள் அதிகம். ஏன்?

வாசலில் செருப்பைக் கழற்றும் வீடுகள், கெட்டியான தரை. கொரியாவில் தரையே சூடாக்கப்படும், ஆட்கள் தரையில் உட்காருவார்கள், படுப்பார்கள். தூசியை எடுத்தால் மட்டும் மனசு ஒப்பாது, துடைக்கவும் வேண்டும். அதே மாடலைக் கம்பளம் நிறைந்த நாட்டுக்கு அனுப்பும்போது, கம்பளத்தைக் கண்டதும் துடைப்பானைத் தானே தூக்கிக்கொள்ளும் வசதி இருந்தே தீர வேண்டும்.

உயரமான நகரங்களில் இழுவை குறையுமா?

குறையும். மெக்ஸிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போகோட்டா சுமார் 2,600 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். உறிஞ்சலும் அந்த அளவில் குறையும், மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றும் மெலியும்.

ஐரோப்பாவில் 900 வாட்டுக்கு மேல் விற்கக்கூடாது என்பது உண்மையா?

உண்மை, ஆனால் எல்லா வகைக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 666/2013 விதிப்படி 2014 செப்டம்பர் 1 முதல் 1,600 வாட்டுக்குள், 2017 செப்டம்பர் 1 முதல் 900 வாட்டுக்குள் இருக்க வேண்டும். சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஹோஸை 40,000 முறை வளைத்த பிறகும் அது பயன்பட வேண்டும். மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும். பேட்டரி மாடல், ரோபோ, ஈரம் உறிஞ்சும் மாடல், தொழிற்சாலை மெஷின் இவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.

முதல் வரம்பு வரும்போது, 2014 ஆகஸ்டில், பிரிட்டனில் பெரிய வாட் மெஷின்களை அவசரமாக வாங்கினார்கள். வாட் அதிகம் என்றால் சக்தி அதிகம் என்று வருஷக்கணக்காக விளம்பரம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. உண்மையில் வாட் என்பது மெஷின் தின்னும் மின்சாரம். அது செய்யும் வேலை வேறு. முனையையும் காற்றுப்பாதையையும் ஒழுங்காக வடிவமைத்தால் 800 வாட்டில் பழைய 2,000 வாட் மெஷினின் வேலையை வாங்கலாம். இந்த விதி நல்ல விதி என்பது என் கருத்து. ஹோஸும் மோட்டாரும் இத்தனை காலம் உழைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியதற்காகவே பாராட்டலாம்.

கூடவே வந்த ஆற்றல் லேபிள் மட்டும் நிலைக்கவில்லை. காலிப் பையோடு சோதிப்பது வீட்டில் நடப்பதைக் காட்டாது என்று டைசன் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது. 2019 ஜனவரியில் லேபிள் போய்விட்டது. வாட் வரம்பு அப்படியே இருக்கிறது.

பெட்டி மீது ஒரு நாட்டில் ஆம்ப், இன்னொரு நாட்டில் வாட், வேறொன்றில் பாஸ்கல். எதை நம்புவது?

நாட்டுக்கு நாடு பழக்கம் வேறு. அமெரிக்காவில் ‘12 ஆம்ப்’ என்று பெருமையாக எழுதுவார்கள். சாதாரணமாக அங்கே வீட்டு சர்க்யூட் 15 ஆம்ப், அதில் 80 சதவீதம் 12. 120 வோல்ட்டோடு பெருக்கினால் 1,440 வாட், அதுதான் அங்கே நடைமுறை உச்சம். ஆக எல்லாக் கம்பெனியும் ஒரே 12-ஐத்தான் எழுதுகிறது. ஜப்பானில் உறிஞ்சும் வேலையின் அளவை வாட்டில் தருவார்கள். அது காற்றோட்டத்தையும் இழுவிசையையும் சேர்த்துக் கணக்கிட்டது, ஆகவே ஓரளவு பயனுள்ள எண். ரோபோக்களில் பாஸ்கல். இது முனையை அடைத்துக்கொண்டு அளந்த இழுவிசை. காற்றே ஓடாத நிலையில் எடுத்த எண்ணை வைத்துத் தூசி எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

நம்பத் தகுந்தது, தூசியைக் கொட்டி எடுத்துப் பார்த்த சோதனை. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்608 முறையில் 90 சதவீதம் சிலிக்கா மணலும் 10 சதவீதம் டால்க் பொடியும் கலந்து கம்பளத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு, மெஷின் எவ்வளவு எடுத்தது என்று எடை போடுவார்கள். ஐரோப்பாவில் வேறு கம்பளம், வேறு பொடி. ஆகவே ஒரு நாட்டுச் சோதனை எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

நுண்தூசியைப் பிடிக்கும் ‘ஹெப்பா’ ஃபில்டரும் இப்படித்தான். அமெரிக்க வழக்கில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய எச்13 தரத்தில், எளிதில் தப்பிப்போகும் அளவுத் துகளில் 99.95 சதவீதம். பெயர் ஒன்று, அளவுகோல் இரண்டு.

பட்டையில் இருக்கும் முத்திரைகள் என்ன?

ஐரோப்பாவுக்குச் சிஇ, ஜப்பானுக்குப் பிஎஸ்இ, கொரியாவுக்குக் கேசி, சீனாவுக்குச் சிசிசி, ஆஸ்திரேலியாவுக்கு ஆர்சிஎம். அமெரிக்காவில் யூஎல் போன்ற சோதனைக்கூடங்களின் முத்திரை. இதில் சிஇ, தயாரிப்பாளர் தன் பொறுப்பில் தானே ஒட்டிக்கொள்வது. யூஎல், மூன்றாம் ஆள் சோதித்துக் கொடுப்பது. சர்வதேச அடிப்படை ஐஇசி 60335-2-2 என்ற தரம்தான். அதன் மேல் ஒவ்வொரு நாடும் தன் திருத்தத்தைச் சேர்க்கிறது. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டி, இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே என்று பொருள்.

ஒரே பிராண்டுப் பெயர் என்றால் ஒரே கம்பெனிதானே?

இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹூவரின் ஐரோப்பியத் தொழிலை 1995-ல் இத்தாலியின் கேண்டி வாங்கியது, இப்போது அது சீனாவின் ஹயரிடம் இருக்கிறது. வட அமெரிக்க ஹூவர் 2007-ல் ஹாங்காங்கின் டிடிஐ-யிடம் போனது. அந்த டிடிஐ பிரிட்டனில் ‘வேக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறது. அதாவது அமெரிக்காவில் ஹூவர் விற்கும் கம்பெனி, பிரிட்டனில் ஹூவருக்கே போட்டி. ஓரிடத்தில் வாங்கிய மெஷினுக்கு மற்ற இடத்தில் பையோ பெல்ட்டோ கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

எலக்ட்ரோலக்ஸுக்கும் இதே மாதிரி. அமெரிக்காவில் அந்தப் பெயர் பல ஆண்டுகள் வேறொரு கம்பெனியிடம் இருந்தது, 2000-ல்தான் ஸ்வீடன் திரும்ப வாங்கியது. ஜெர்மனியின் ஃபோர்வெர்க் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டது. ஊரில் ‘கோபோல்ட்’, இத்தாலியில் ‘ஃபொல்லெட்டோ’. இரண்டுக்கும் குறும்பு செய்யும் வீட்டுக் குட்டிச்சாத்தான் என்று பொருள். ஒலியை விட்டுவிட்டுப் பொருளைக் கொண்டுபோனது அழகான வேலை.

எப்படி விற்கிறார்கள்?

பல காலம் வீட்டு வாசலில்தான். ஃபோர்வெர்க், கிர்பி, எலக்ட்ரோலக்ஸ் எல்லாம் கதவைத் தட்டி வளர்ந்தவை. இந்தியாவில் 1982-ல் எலக்ட்ரோலக்ஸ் கூட்டோடு தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸும் அதே வழிதான். விற்பனையாளர் உங்கள் விரிப்பை உங்கள் மெஷினால் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்வார். பிறகு தன் மெஷினில் உள்ளங்கை அகலத் துணி வட்டு ஒன்றைச் செருகி, அதே இடத்தில் ஓட்டி, வட்டைக் கழற்றித் தரையில் வைப்பார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். இன்னொன்று. இன்னொன்று. பத்து வட்டு வரிசையாகக் கிடக்கும்போது யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. எந்தச் சுத்தமான விரிப்பிலும் அந்த வட்டு அழுக்காகத்தான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அழுத்தம் தெரிந்துதான் ஐரோப்பிய ஒன்றியத்தில் வாசல் விற்பனைக்கு 14 நாளும், அமெரிக்காவில் 3 வேலை நாளும் மனம் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

சலுகைகளிலும் நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 1992-ல் பிரிட்டனில் ஹூவர், 100 பவுண்டுக்கு மேல் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்றது. விமானம் ஏறுவதற்காகவே ஜனங்கள் வேக்குவம் கிளீனர் வாங்கினார்கள். சுமார் 5 கோடி பவுண்டு போனது.

ரோபோ மாடலை வேறு நாட்டில் வாங்கினால் ஓடுமா?

ஓடும், ஆனால் உங்கள் ஃபோனோடு பேசாமல் போகலாம். பல கம்பெனிகள் ஆப்பையும் சர்வரையும் நாடு பிரித்து வைத்திருக்கின்றன. வைஃபையிலும் சிக்கல். ஐரோப்பாவில் 13-ஆம் சேனல் சாதாரணம், அமெரிக்காவுக்கான சாதனங்கள் பொதுவாக 11-உடன் நின்றுவிடும். ரௌட்டர் 13-ல் இருந்தால் ரோபோவின் கண்ணுக்கு அப்படி ஒரு வைஃபையே தெரியாது. ரௌட்டரின் சேனலை மாற்றிப் பாருங்கள். கறுப்பு விரிப்பைப் பார்த்துப் பள்ளம் என்று நின்றுவிட்டால் அது நாட்டுப் பிரச்சினை இல்லை, அகச்சிவப்பு ஒளி திரும்பி வராததுதான் காரணம்.

கப்பலில் அனுப்புவதில் கவனிக்க என்ன இருக்கிறது?

சுங்கக் குறியீடு 8508. அதற்குள் 1,500 வாட்டுக்கு மிகாமலும் தூசிக் கொள்ளளவு 20 லிட்டருக்கு மிகாமலும் இருந்தால் ஒரு பிரிவு, மிஞ்சினால் இன்னொன்று. வரி அதற்கேற்ப மாறலாம், வடிவமைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேக்குவம் கிளீனர் பெட்டியில் பாதி காற்றுதான். 30, 30, 50 செ.மீ. பெட்டி என்றால், 68 கன மீட்டர் பயன்படும் கன்டெய்னரில் கணக்குக்கு 1,500 சொச்சம் போகும். நீளத்தில் 5 செ.மீ. குறைத்தால் 1,680 வரை போகும். குழாயை இரண்டாகக் கழற்றும்படி செய்வதில் இந்த லாபமும் இருக்கிறது. லித்தியம் பேட்டரி இருந்தால் யூஎன் 38.3 சோதனைச் சான்று வேண்டும், சரக்கு அபாயகரப் பொருள் வகைக்குள் வரும்.

வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வரலாமா?

முதலில் அடிப்பட்டையைப் படியுங்கள். பேட்டரி மாடல் என்றால் சார்ஜரின் மேல் ‘100–240’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளக் அடாப்டர் போதும். வயர் மாடல் வேறு வோல்டேஜ் என்றால் விட்டுவிடுங்கள். 1,400 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைவிடக் கனமாக இருக்கும், அறைக்கு அறை அதைத் தூக்கிக்கொண்டு யாரும் பெருக்க மாட்டார்கள்.

வோல்டேஜ் பொருந்தினாலும் அடுத்ததாகப் பை, ஃபில்டர், பெல்ட், பேட்டரி இந்த நான்கும் நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்குமா என்று மாடல் எண்ணோடு விசாரியுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். நான்கில் ஒன்று கிடைக்காது என்றாலும் ஒரு வருஷத்துக்கான பையும் ஃபில்டரும் சேர்த்தே வாங்கி வாருங்கள். பேட்டரியை மட்டும் அப்படி வாங்கி அடுக்காதீர்கள், பயன்படுத்தாமல் வைத்தாலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும்.